திதி நாளில் ஒரு கிளாரினெட்

1

கடந்த ஞாயிற்றுக்கிழமை என் அண்ணனுக்கு முதல் வருஷத் திதி. சாத்தூரில் அவர் வீட்டு முன்னறையில் இலை போட்டு, எள்ளும் தண்ணீரும் விட்டு, மாடியில் காக்கைக்குச் சோறு வைத்திருப்பார்கள். நான் அங்கே இல்லை. மலேசியாவில், கிள்ளானில், எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு என் மகனின் கறுப்புச் சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சுத் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தேன். அன்று மதியம் கோலாலம்பூரில் அவனுக்குக் கச்சேரி.

கச்சேரி என்றால் உங்களுக்கு வேறு ஏதோ தோன்றும். இது மேற்கத்திய இசைக்குழு. வயலின் வாசிப்பவர்கள் மட்டுமே ஒரு சிற்றுந்தை நிறைத்துவிடுவார்கள். பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரிப் பிள்ளைகளும் சேர்ந்த இளையோர் குழு. அந்த இசையைக் கேட்டே பழகாதவர்களுக்காக இந்த நிகழ்ச்சியை நடத்துகிறார்கள். கொஞ்சம் வாசிப்பார்கள், பிறகு கண்டக்டர் கூட்டத்தின் பக்கம் திரும்பி, இதை எழுதியவர் யார், எந்தச் சூழ்நிலையில் எழுதினார், எந்த வாத்தியம் எதற்காக வருகிறது என்று சொல்வார். இதை நான் போனில் மதினியிடம் விளக்கியபோது, "கண்டக்டரா? பஸ்லயா வாசிக்காங்க?" என்று கேட்டாள். அண்ணன் போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. அவள் போன் செய்ததே வேறு விஷயத்துக்காக. அண்ணனுக்கு மகன் இல்லை. ஒரே மகள், மதுரையில் நர்சிங் படிக்கிறாள்.

"கவினக் கூட்டிட்டு வாம்மா," என்றாள் மதினி. "தங்கச்சி மகன் கையால எள்ளுத்தண்ணி விட்டா அவுக மனசு குளுந்து போகும். சித்தப்பா மகன் விடுறேங்கான். ஆனா அவனுக்கும் இவுகளுக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது, ஒனக்குத் தெரியாததா?"

கவினுக்குப் பதினேழு வயது. அந்தக் குழுவில் கிளாரினெட் வாசிக்கிறான். இந்த நிகழ்ச்சியில் அவனுக்குத் தனியாக வாசிக்கும் இடம் ஒன்று கிடைத்திருந்தது. அதற்காக மற்ற பிள்ளைகளோடு போட்டி போட்டு, வாசிப்பது யார் என்று தெரியாதபடி திரைக்குப் பின்னால் நின்று வாசித்துத் தேர்வாகியிருந்தான். மதினி கேட்டதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன்.

"மா, அந்த வீக் ஃபுல்லா ரிஹர்சல் மா. போனா வேற ஆள போட்டுருவாங்க," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. மழை வருது என்று சொல்வதுபோல் சொன்னான்.

என் கணவர் குமரன் போர்ட் கிள்ளானில் ஒரு கண்டெய்னர் கிடங்கில் மேற்பார்வையாளர். இந்த நாட்டிலேயே, பந்திங்கில், பிறந்து வளர்ந்தவர்; இந்த ஊர் 'லா' போடாமல் அவருக்குப் பேச வராது. அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "நீ மட்டும் போறதுன்னா போ லா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா பையன் முத முறையா தனியா நின்னு வாசிக்கப் போறான். அவன் அப்புறம் திரும்பிப் பாத்தா அம்மா சீட் காலியா இருக்கும். நீயே யோசி."

யோசித்தேன். கவின்தான் வேண்டும் என்று கேட்ட வீட்டுக்கு நான் மட்டும் போய் நிற்பதில் என்ன இருக்கிறது என்று தோன்றியது. மதினியை அழைத்து, வர முடியவில்லை என்று சொன்னேன். அவள் "சரிம்மா" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் அதைச் சொன்னேன். அந்த நிகழ்ச்சியில் வாத்தியங்களை அறிமுகப்படுத்தும்போது, வாசிக்கும் பிள்ளையிடம் "இந்த வாத்தியத்தை முதலில் எங்கே கேட்டாய்?" என்று கண்டக்டர் கேட்பார் என்று கவின் சொல்லியிருந்தான். "மதினி, அவன் அண்ணன் பேரச் சொல்லுவான். அத்தனை பேர் முன்னால, அதே நாள்ல. அதுவும் ஒரு திதிதானே," என்றேன்.

அவள் கேட்டாள்: "பேரச் சொல்லுவானா?"

"சொல்லுவான்," என்றேன்.

2

போன வருஷம் அண்ணன் இறந்தபோதும் நான் போகவில்லை. போக முடியவில்லை.

இருபது வருஷத்துக்கு மேல் இங்கே இருந்தும், நான் இன்னும் கணவரைச் சார்ந்து வாழும் விசாவில்தான் இருக்கிறேன். நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு விண்ணப்பித்துப் பல வருஷம் ஆயிற்று. அது ஏதோ ஒரு மேசையில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் மரியாதையாகச் சொல்கிறார்கள். அண்ணனுக்கு மாரடைப்பு வந்த வாரம் என் பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கப் போயிருந்தது. நடுவில் பெருநாள் விடுமுறை வேறு.

அலுவலகம் திறந்த முதல் நாள் காலையில் போய் நின்றேன். குமரன் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அப்பால் ஒரு மலாய்க்காரப் பெண். நல்ல முகம். என் மலாய் பாசாரில் மீன் வாங்கப் போதும், சாவைச் சொல்லப் போதாது. தெரிந்த சொற்களைக் கோத்து, "அபாங் சாயா சுடா மெனிங்கால்" என்றேன். என் அண்ணன் இறந்துவிட்டார் என்றுதான் சொன்னதாக நினைத்தேன்.

அவள் முகம் மாறியது. என் பாஸ்போர்ட் எண்ணைத் தட்டி, திரையை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மெதுவான குரலில், இறப்புச் சான்றிதழ் இருக்கிறதா, எந்த மருத்துவமனை, இனி உங்களுக்குப் பொறுப்பேற்க வேறு யாராவது இங்கே இருக்கிறார்களா என்றெல்லாம் கேட்டாள். எதற்கு இதையெல்லாம் கேட்கிறாள் என்று புரியாமல் சாத்தூர் அரசு ஆஸ்பத்திரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது குமரன் பின்னால் வந்து நின்றார். இரண்டு வாக்கியம் கேட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. அபாங் என்றால் அண்ணன். இங்கே பெண்கள் புருஷனையும் அபாங் என்றுதான் கூப்பிடுவார்கள். கவுண்டரில் ஒரு மனைவி வந்து நின்று அபாங் போய்விட்டார் என்றால் யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்?

"சாயா மாசே ஹிடுப், காக்," என்றார் குமரன். நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன், அக்கா.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டாள். பிறகு எனக்காக உள்ளே போய் யாரிடமோ பேசிப் பார்த்தாள். வரிசைப்படிதான் வரும், விடுமுறையில் தேங்கிப்போன கட்டு பெரியது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் குமரன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. அண்ணன் செத்ததைக்கூட எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை என்பதுதான் மனதில் ஓடியது. இன்னொன்றும் ஓடியது. இந்த மனிதர் போய்விட்டால் இந்த ஊரில் நான் யார் என்று அவள் கேட்ட கேள்விகளிலேயே தெரிந்துவிட்டது.

அண்ணனை எடுத்ததை வாட்ஸ்அப்பில் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பையன் போனைப் பிடித்துக்கொண்டிருந்தான். அண்ணன் இருந்த பேண்டு செட்டுக்காரர்கள் எல்லோரும் சிவப்புக் கோட்டு போட்டு வந்திருந்தார்கள். கன்னம் உப்ப ஊதுகிறார்கள், டிரம் அடிப்பவரின் கை ஏறி இறங்குகிறது, ஆனால் சத்தம் வரவில்லை. அழுகை கேட்கிறது, "பாத்து, பாத்து" என்று தூக்குகிறவர்கள் சொல்வது கேட்கிறது, வாத்தியம் மட்டும் கேட்கவே இல்லை. போன் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கவினைக் கூப்பிட்டேன்.

"கெட்டுப் போகல மா," என்றான். "போன் பேசுற குரல மட்டும்தான் அனுப்பும். மியூசிக் வந்தா நாய்ஸ்னு நெனச்சு கட் பண்ணிரும்."

அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தான். கையைப் பிடித்துக்கொண்டான். அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவன் மோசமான பிள்ளை இல்லை.

3

அண்ணனுக்குப் பகலில் தீப்பெட்டி ஆபீசில் வேலை. முகூர்த்த நாளிலும் திருவிழா நாளிலும் பேண்டு செட்டில் கிளாரினெட். கல்யாணம், சர்ச் சப்பரம், கட்சி ஊர்வலம், சாவு, எதுவானாலும் போவார். யாரிடமும் உட்கார்ந்து கற்றதில்லை. செட்டில் ஒருவர் பாட்டை ஒருமுறை பாடிக் காட்டினால் பிடித்துக்கொள்வார். அவருக்கு அது பெரிய கலை என்ற எண்ணமெல்லாம் கிடையாது. ஊதி முடித்து வந்ததும் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "இன்னைக்கு சாம்பார்ல உப்பே இல்ல" என்று கல்யாண வீட்டுச் சாப்பாட்டைத்தான் பேசுவார்.

கவினுக்கு நாலு வயதில் ஊருக்குப் போயிருந்தோம். ஒரு நாள் சாயங்காலம் அண்ணன் கல்யாண ஊர்வலம் முடித்து, சிவப்புக் கோட்டும் பொன்சரிகைத் தோள்பட்டையுமாக வந்தார். கவின் அவரைப் பார்த்துப் பயந்து என் சேலைக்குப் பின்னால் போனான். அண்ணன் தரையில் உட்கார்ந்து அவனை மடியில் வைத்துக்கொண்டார். கிளாரினெட்டின் வாயை அவன் வாயில் வைத்து "ஊது" என்றார். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு ஒரு கீச்சொலி. கவின் சிரித்துவிட்டான். மறுபடி ஊதினான். அண்ணன் அவனைச் சுற்றிக் கையைக் கொண்டுவந்து துளைகளில் விரலை வைத்தார். மூச்சு இவனுடையது, விரல் அவருடையது. உடைந்து உடைந்து ஒரு தாலாட்டின் முதல் அடி வந்தது. மதினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மாமனும் மருமகனும் ஒரே ஆளா ஊதுதாக" என்றாள்.

அதற்குப் பிறகு கவின் இங்கே பள்ளியில் சேர்ந்து, பள்ளி பேண்டில் எந்த வாத்தியம் வேண்டும் என்று கேட்டபோது கிளாரினெட் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவனாகத்தான். அன்றைக்கே அண்ணனுக்குப் போன் செய்தேன். "ரத்தம்டீ" என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். இந்த ஊரில் பிள்ளை என் கையை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில், சாமி கும்பிடக் கூப்பிட்டால் காதில் ஒயர், தோசைக்கு மேல் சில்லி சாஸ். எல்லாம் போனாலும் அந்தக் கறுப்புக் குழல் ஒன்று சாத்தூர் வீட்டுக்கும் இவனுக்கும் நடுவில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கச்சேரிக்கு முந்தைய வாரம் அவன் ரீடை, குழலின் வாயில் பொருத்தும் நாணல் சீவலை, நாக்கில் நனைத்துக்கொண்டிருந்தபோது மறுபடியும் எடுத்துச் சொன்னேன். மாமா மடியில் உட்கார்ந்து ஊதினது, தாலாட்டு, மதினி சொன்னது.

"கண்டக்டர் கேக்குறப்ப அதச் சொல்லு கண்ணா. இங்கிலீஷ்லயே சொல்லு."

வாயில் ரீடை வைத்தபடி "ம்" என்றான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

4

ஞாயிறு அன்று காலையில் வீட்டில் அண்ணன் படத்துக்கு விளக்கேற்றினேன். கவினைக் குழுவின் வேன் முன்பே கூட்டிப்போய்விட்டது. குமரனும் நானும் கோலாலம்பூர் போய், பிரிக்பீல்ட்ஸில் இலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். திதி நாள் என்பதால் நான் கறி எதுவும் வாங்கவில்லை. குமரனும் என்னைப் பார்த்து, சொல்லியிருந்த நண்டு வறுவலை வேண்டாம் என்றார். பரிமாறியவர், "இன்னைக்கு நண்டு நல்லா இருக்கு பாஸ், ஏன் வேணாங்கிறீங்க?" என்று வருத்தப்பட்டார். சாத்தூர் எங்களைவிட இரண்டரை மணி நேரம் பின்னால்; அங்கே இந்நேரம் திதிச் சமையல் நடந்துகொண்டிருக்கும்.

அரங்கத்தில் குளிர் எலும்பில் ஏறியது. எங்கள் பக்கத்தில் ஒரு மலாய்க் குடும்பம், முன்வரிசையில் பேரப்பிள்ளைகளோடு ஒரு சீனப் பெரியவர். எங்களைப் போலவே அவர்களும் எப்போது கைதட்ட வேண்டும் என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படம் எடுக்கவோ பதிவு செய்யவோ கூடாது என்று அறிவித்தார்கள். மதினி, "அவன் வாசிக்கத எனக்கு அனுப்பி வையி" என்று கேட்டிருந்தாள். போனைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கண்டக்டர் மிஸ் லிம். குட்டையாக வெட்டிய முடி, குச்சிபோல் உடம்பு, உரத்த குரல். ஆங்கிலத்தில் பேசி, நடுநடுவே மலாயில் ஒரு வேடிக்கை சொல்வார். முதலில் எதை வாசித்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. இரண்டாவதாக வாசித்ததற்கு முன் அவர் சொன்ன கதை நினைவிருக்கிறது. எழுதியவரின் பெயரை நான் தப்பாகத்தான் உச்சரிப்பேன், விட்டுவிடுகிறேன்.

முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் ஒரு பிரபுவிடம் வேலை பார்த்த இசைக்கலைஞர். பிரபு வெளியூர் போனால் வாத்தியக்காரர்களும் கூடப் போக வேண்டும். அப்படிப் போன ஒரு சமயம், பல வாரம் கழித்து, வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பினார். கிளம்பும்போது நல்லபடியாக வழியனுப்பிய மனைவி செத்து, புதைத்தும் ஆகியிருந்தது. அவருக்குத் தகவல்கூடப் போகவில்லை.

"இப்போது வாசிக்கப் போவதை அந்த வருஷத்தில் அவர் எழுதினார்," என்றார் மிஸ் லிம். "இது மனைவிக்காக எழுதியது என்று நிறையப் பேர் சொல்வார்கள். நானும் பல காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் அப்படி எங்கேயும் சொன்னதில்லை. நமக்குத்தான் ஒரு கதை வேண்டியிருக்கிறது. கதையை வைத்துக்கொண்டு கேளுங்கள், தப்பில்லை. அவர் தலையில் மட்டும் கட்டிவிடாதீர்கள்."

வயலின்கள் தொடங்கின. எனக்கு இசை பாதிதான் காதில் விழுந்தது. அண்ணன் போய் மூன்று மாதம் கழித்து, பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு, நானும் அப்படித்தான் சாத்தூர் போனேன். ஆட்டோவை விட்டு இறங்கி, எப்போதும்போல் "அண்ணே" என்று கூப்பிட வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். மதினி வந்து கதவைத் திறந்தாள். உள்ளே அழுது முடித்த வீடு. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது, டிவியில் சீரியல் ஓடுகிறது. எல்லோரும் அழுதபோது சேர்ந்து அழாதவள் தனியாக எப்படி அழுவது? அன்று அழாததை இந்தக் குளிர் அரங்கத்தில், மலாய்க் குடும்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அந்தக் குடும்பத்துப் பெண் என்னிடம் ஒரு டிஷ்யூப் பாக்கெட்டை நீட்டினாள்.

அதன் பிறகுதான் வாத்தியங்களை அறிமுகப்படுத்தினார்கள். கிள்ளானுக்குப் பக்கத்திலிருக்கும் காப்பாரைச் சேர்ந்த ஒரு பெண் புல்லாங்குழலோடு எழுந்து, பக்கத்து வீட்டு அக்கா வாசித்ததைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டதாகச் சொன்னாள். செல்லோ வைத்திருந்த பையன், "எங்கேயும் கேட்கவில்லை, அம்மா சேர்த்துவிட்டார்" என்றான். கூட்டம் சிரித்தது. அடுத்து கவின் எழுந்தான்.

நான் கைகளைக் கோத்துக்கொண்டேன்.

"நீ கிளாரினெட்டை முதலில் எங்கே கேட்டாய், கவின்?"

"யூட்யூப்ல, மிஸ்," என்றான் ஆங்கிலத்தில். "ஒரு கார்ட்டூன். அதுல பூனை சுவர்மேல நடக்கும்போது இந்தச் சத்தம் வரும். அந்தப் பூனைக்காக திரும்பத் திரும்பப் பார்த்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசைப் பெரியவர் திரும்பிப் பேரனிடம் ஏதோ சொன்னார். குமரனும் சிரித்துவிட்டு, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மேடையில் மிஸ் லிம், "எங்கே, அந்தப் பூனையைக் காட்டு" என்றார். கவின் நாலைந்து சுரங்களை வாசித்துக் காட்டினான். சின்னப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பிறகு அவன் தனியாக வாசிக்க வேண்டியதை வாசித்தான். நன்றாக வாசித்தான். மூச்சு எங்கே எடுக்கிறான் என்றே தெரியவில்லை. பக்கத்திலிருந்த பெண் என் பக்கம் சாய்ந்து, "உங்கள் பிள்ளையா? பாகுஸ்" என்றாள். நல்லா வாசிக்கிறான் என்றாள். தலையாட்டினேன். அத்தனை நல்ல வாசிப்பைக் கேட்டும் என் மனம் நிறையவில்லை. அதுதான் அன்று எனக்கு மிகவும் வலித்தது.

5

கிள்ளானுக்குத் திரும்பும் நெடுஞ்சாலையில் மழை. வண்டிகள் ஊர்ந்தன. கவின் பின் இருக்கையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குமரன் அவனைப் பாராட்டினார். நானும் "நல்லா வாசிச்சே" என்றேன். ஷா ஆலம் தாண்டும்வரை வேறு ஒன்றும் பேசவில்லை. அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"ஏன்டா மாமா பேரச் சொல்லல?"

குமரன் ரேடியோவை நிறுத்தினார்.

"மா, எனக்கு அது ஞாபகம் இல்ல."

"எத்தனை தடவ சொல்லியிருக்கேன்."

"அதான் மா. நீங்க சொன்னதுதான் எனக்குத் தெரியும். மாமா மடி, சிவப்புக் கோட்டு, எல்லாம் நீங்க சொன்னது. கண்ண மூடி யோசிச்சா எனக்கு ஒண்ணுமே வரல. அது உங்க ஞாபகம் மா. என்னுது இல்ல. என்னுதுன்னு மைக்ல எப்படிச் சொல்றது?"

"பூனை ஞாபகம் இருக்கா?"

"இருக்கு," என்றான். "சாரி மா. பூனைதான் ஞாபகம் இருக்கு."

"விடு லா மீனா," என்றார் குமரன். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எப்போதாவதுதான். விட்டுவிட்டேன். கோபப்படுவதற்கு அவன் ஒன்றும் பொய் சொல்லவில்லையே. பொய் சொல்லாததுதான் பிரச்சினை. மிஸ் லிம் சொன்னது வழி முழுக்கக் கூடவே வந்தது. ரத்தம் என்று அண்ணன் சொன்னதும், அதை நான் இத்தனை வருஷம் பிடித்துக்கொண்டிருந்ததும் எங்களுக்கு வேண்டியிருந்த கதை. அதைக் கொண்டுபோய்ப் பிள்ளை தலையில் கட்டியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து ஈரத் துணியை மாற்றுவதற்குள் மதினி அழைத்துவிட்டாள். அங்கே இன்னும் வெளிச்சம் இருந்தது. அவள் முகத்துக்குப் பின்னால் அண்ணன் படம், புது மாலையோடு. திதி நல்லபடியாக முடிந்தது, சித்தப்பா மகன்தான் தண்ணீர் விட்டான், சொல்லப்போனால் அவன் அழுதேவிட்டான் என்றாள். பிறகு கேட்டாள்.

"கவின் பேரச் சொன்னானாம்மா?"

சொன்னான் என்று சொல்லியிருக்கலாம். பதிவு செய்யவில்லை, அங்கே இருந்த யாரையும் அவளுக்குத் தெரியாது. வாய் வரைக்கும் வந்தது. கூடத்தில் கவின் தன் கறுப்புச் சட்டையை நாற்காலியில் காயப் போட்டுக்கொண்டிருந்தான்.

"சொல்லல மதினி. அவனுக்கு ஞாபகம் இல்லையாம்."

போனில் ஏதோ பஸ் போகும் சத்தம் கேட்டது.

"அவனுக்கு எப்படிம்மா இருக்கும். பச்சப் புள்ள அப்ப," என்றாள். "ஒண்ணு சொல்லட்டா? யார்ட்டயும் சொல்லல. எனக்கே அவுக குரல் மறந்துட்டு வருது."

"என்ன மதினி சொல்றீங்க?"

"ஆமாம்மா. மொகம் இருக்கு. நடக்கது, சாப்பிடுதது, எல்லாம் இருக்கு. என்னையக் கூப்பிடுவாகல்ல, அந்தக் குரல நெனச்சுப் பாக்கேன், சரியா வர மாட்டேங்கு. போன மாசம் மக கிட்ட சொல்லி, இருக்க கல்யாண வீடியோ எல்லாம் போட்டுப் பாத்தேன். எல்லாத்துலயும் அவுக ஊதிட்டுத்தான் இருக்காக. ஒண்ணுலகூட பேசல."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தேன். அவள்தான், "அழாத. புள்ளைய வையாத. போய்ச் சாப்பிடச் சொல்லு" என்று போனை வைத்தாள்.

கவின் கூடத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். உள்ளே வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"மாமா குரல் எப்படி இருக்கும் மா?"

சொல்ல முயன்றேன். கொஞ்சம் கரகரப்பு. மூக்கில் ஒரு அழுத்தம். "ஏட்டி" என்று கூப்பிட்டால் அந்த "ட்டி" கீழே இறங்கி நிற்கும். சொல்லச் சொல்ல, இது யார் குரலுக்கும் பொருந்தும் என்று எனக்கே தெரிந்தது. தெருவில் போகிற யாரைப் பற்றியும் இப்படிச் சொல்லலாம்.

அவன் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து கிளாரினெட்டைப் பொருத்தினான். நான் கேட்கவில்லை, அவனாகத்தான். என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மெதுவாக ஒரு சுரம் ஊதினான்.

"இப்படியா?"

"இல்ல. இன்னும் கீழ."

இன்னொன்று ஊதினான்.

"இது?"

கண்ணை மூடிக் கேட்டேன். அண்ணன் வாசலில் நின்று கூப்பிடுவதாக நினைத்துப் பார்த்தேன். "கிட்டத்துல வருது. இன்னும் கொஞ்சம் கீழ."

அவன் ஒவ்வொரு விரலாக வைத்து இறங்கிக்கொண்டே போனான். குமரன் அடுப்படி வாசலில் வந்து நின்றார். கடைசியாக எல்லா விரல்களையும் வைத்து, மூச்சு தீரும்வரை ஒன்றை ஊதினான். நாற்காலியின் கட்டைகூட அதிர்ந்தது. நான் இல்லை என்று தலையாட்டினேன்.

கவின் வாயிலிருந்து குழலை எடுத்தான்.

"இதுக்குக் கீழ இதுல நோட் இல்ல மா," என்றான்.